எமலின், ஐயா

அப்பாவைப் படுக்கவைக்க முடியவில்லை.

லெட்டி அவர் தோள்கள் இரண்டையும் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தாள். சாய்ந்தார். முதுகு தலையணையில் பட்டது. கால்களைத் தூக்கி மெத்தைமேல் வைத்தாள்; போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் நிமிர்வதற்குள் அவர் போர்வையை விலக்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்துவிட்டார். எழுந்து எங்கும் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில், ஜன்னலைப் பார்த்தபடி, குதிகால்களை ஒட்டவைத்து, கைகளைத் தொடையோரம் தொங்கவிட்டு நின்றார். உடம்பு முழுக்க ஆடியது. பாதங்கள் மட்டும் பலகையில் ஆணி அடித்தது போல இருந்தன.

சற்றுக் கழித்து வலது கை நெற்றிவரை போய் இறங்கியது.

"எமலின், ஐயா," என்றார்.

நேற்று சாயங்காலத்திலிருந்து இதே கதைதான். ராத்திரி முழுக்க அவளும் அவள் கணவன் எட்வினும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். விடிந்ததும் அவன் கதிரடிக்கும் களத்துக்குப் போய்விட்டான்; அறுவடை யாருக்காகவும் காத்திருக்காது. போகும்போது, "கீழ விழுந்துட்டார்னா நீ தனியாத் தூக்காதே, ஆள் அனுப்பு," என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் வந்து, மார்பில் காதை வைத்துக் கேட்டு, ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "இதயம் தேய்ஞ்ச பம்பு மாதிரி ஆயிடுச்சும்மா. இறைக்குது, ஆனா தண்ணி மேல வரல. காலெல்லாம் வீங்கியிருக்கு பாரு, அந்தத் தண்ணிதான். உயரமாத் தலையணை வெச்சு சாய்ச்சுப் போடு. நிக்க விடாதே. படுத்தா நிம்மதியாப் போவாரு. நின்னா, நின்ன இடத்துலயே மரம் மாதிரி விழுவாரு."

அப்பா போகப்போகிறார் என்பதை லெட்டி ஏற்றுக்கொண்டிருந்தாள். விழுந்து, தலை அடிபட்டு, தரையில் கிடந்து போவதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. கட்டிலில், போர்வைக்குள், ஒரு மனிதன் போவது போல அவர் போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஜேபஸ் ஃபென்னின் மகளுக்கு ஒரு சிக்கலை விட்டுவிட்டு நகரத் தெரியாது. ஸ்டோனி ஃபோர்டு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையில் கதிரடிக்கும் எந்திரம் நின்றாலும் அப்பாவுக்குத்தான் ஆள் வரும். சின்ன வயதில் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு அவளும் கூடப் போவாள். அவர் எந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பிறகு, எங்கே நின்றதோ அந்த இடத்தைத் தொடவே மாட்டார். அதற்கு முன்னால் உள்ள சக்கரத்தை, அதற்கும் முன்னால் உள்ள தோல்வாரை, ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போவார். நிற்கிற இடம் பாவம், சொன்னதைச் செய்கிறது. சொன்னவன் எங்கேயோ பின்னால் இருக்கிறான் என்பார்.

அவளும் அப்படியே பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். வலியா? வயிற்றை அழுத்தினாள், முகம் சுளிக்கவில்லை. சிறுநீரா? பாத்திரத்தை நீட்டினாள், பார்க்கவில்லை. வெளிச்சமா? திரையை இழுத்தாள், திரையைப் பார்த்து நின்றார். முழங்காலுக்குப் பின்னால் நாற்காலியை வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை, நாற்காலி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு விரிப்பை நீளவாக்கில் மடித்து, அவரைப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்போடு கட்டிலில் கட்டப் பார்த்தாள்.

அப்போது அவர் முதன்முறையாக ஒத்துழைத்தார். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து அவளிடம் நீட்டினார். அவள் திகைத்துப்போய் அப்படியே இருக்கவும், வலது காலைத் தூக்கி, லாடம் கட்டுபவனிடம் குதிரை குளம்பைக் கொடுப்பது போல, கணுக்காலை அவள் மடிமேல் வைத்தார். கட்டுபவளுக்குச் சிரமம் வேண்டாம் என்பது போலக் காலை லேசாகத் திருப்பியும் கொடுத்தார்.

லெட்டி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்தாள்.

அம்மா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து உரிக்கிறாள். உரித்தது கிண்ணம் நிறைந்து வழிந்தது. இனி யார் அதைச் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரியவில்லை. அறைக்குள் அவள் ஒருமுறைகூட வரவில்லை.

"அம்மா, எமலின் யாரு?"

"எனக்கென்ன தெரியும்."

"ராத்திரியெல்லாம் அந்தப் பேரைத்தாம்மா சொல்றாரு."

"காய்ச்சல்ல ஆயிரம் சொல்லுவாங்க. நிக்கட்டும் விடு. கால் ஓய்ஞ்சா தானா உக்காருவாரு."

"உக்கார மாட்டாரும்மா. விழுவாரு. டாக்டர் சொன்னது உனக்கும் கேட்டுச்சு இல்ல?"

அம்மா டார்கஸ் ஃபென் அடுத்த தோலை நகத்தால் கீறினாள். அம்மாவின் பின்கழுத்து திட்டுத்திட்டாகச் சிவந்திருப்பதை லெட்டி பார்த்தாள். கோபம் வந்தாலும் அவமானப்பட்டாலும்தான் அது அப்படிச் சிவக்கும்.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் லெட்டியின் மனதில் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது.

ஊரில் ஒரே ஒரு எமலின்தான். ரொட்டிக் கடை வைத்திருக்கும் எமலின் ப்ரூம். கணவன் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போதும் பார்க்க லட்சணமாக இருப்பாள். அப்பா அவள் கடைப் படியை மிதித்ததே கிடையாது. தெருவில் அவள் எதிரே வந்தால் அந்தப் பக்கம் கடந்து போய்விடுவார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்கான ரொட்டி பாலத்துக்கு அப்பாலிருந்துதான் வரும், காய்ந்துபோன ரொட்டியானாலும். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "அந்த அடுப்பு சரியில்ல," என்றார். ஊரே அந்த அடுப்பு ரொட்டியைத்தான் தின்றது.

முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இருவருக்கு நடுவில் என்ன இருக்கும் என்று அறியாத வயதில்லை லெட்டிக்கு.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை: அந்த 'ஐயா'. எந்திரத்தைக் கழற்றிப் பூட்டியபின் ஒரு திருகாணி மிஞ்சினால் பூட்டியதே தப்பு என்பார் அப்பா. மிஞ்சிய திருகாணியை லெட்டி பைக்குள் போட்டுக்கொண்டாள். காய்ச்சல், வேறென்ன.

போகப்போகிறவர் கேட்கிறார். அது யாராக இருந்தாலும் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதுதான். அம்மாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். தொப்பியை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள்.

கடையில் கூட்டமில்லை. எமலின் ப்ரூம் முழங்கைவரை மாவோடு பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எமலினம்மா, கொஞ்சம் எங்க வீட்டுக்கு வர முடியுமா?"

"ஃபென் வீட்டுக்கா? நானா?" எமலின் சுரண்டியை நிறுத்தினாள். "ரொட்டி நல்லால்லன்னு இத்தனை வருஷம் கழிச்சு நேர்ல கூப்பிட்டுச் சொல்லப்போறாரா உங்கப்பா?"

"அவரு இன்னைக்குத் தாண்ட மாட்டாரு."

"அடடா." மாவுக் கையை மார்பில் துடைத்துக்கொண்டாள். "கேள்விப்பட்டேன். கர்த்தர் பாத்துக்குவாரு. ஆனா நான் எதுக்கும்மா?"

லெட்டி வரும் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்த வாக்கியம் வாய்க்கு வந்ததும் கலைந்துபோனது. "உங்க பேரைச் சொல்றாரு. திரும்பத் திரும்ப. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க, படுத்துக்குவாரு."

எமலின் அவளை ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, உங்கப்பா என்னைக் காதலிச்சாருன்னா வந்த? என் வீட்டுக்காரரே கடைசி வரைக்கும் அந்த வேலை செஞ்சதில்ல. உங்கப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல தெரியுமா, வணக்கம்கூட." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "என்னன்னு சொல்றாரு? என் பேரை மட்டுமா?"

"எமலின், ஐயான்னு சொல்றாரு."

சிரிப்பு நின்றது.

"ஐயாவா? எப்படி நிக்கிறாரு?"

லெட்டி நின்று காட்டினாள். குதிகால்களை ஒட்டவைத்து, கைகளைத் தொங்கவிட்டு.

"கை நெத்திக்குப் போகுதா?"

"ஆமா. தொப்பியை எடுக்கிற மாதிரி. ஆனா தலையில தொப்பி இல்ல."

எமலின் ப்ரூம் முன்கச்சையை அவிழ்த்தாள். முடிச்சு சிக்கிக்கொண்டது, பிடித்து இழுத்து அறுத்தாள். கடையைப் பூட்டக்கூட இல்லை. வழியில் பேசவும் இல்லை.

அம்மா பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் இன்னும் ஒரு பட்டாணித் தோல் இருந்தது.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"உன் பொண்ணு கூப்பிட்டா, டார்கஸ்."

"வந்த வழியே போ."

"அவரு எமலின்னு சொல்றதைக் கேட்டு, அது நான்னு நெனச்சுக்கிட்டா உன் பொண்ணு." எமலின் குரலை உயர்த்தவில்லை. "அப்படியே நெனச்சுக்கட்டும்னு விடப்போறியா? நாளைக்கு அவரைக் குழிக்குள்ள எறக்கும்போது அவ மனசுல அதுதான் இருக்கும்."

அம்மா லெட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததை லெட்டி முதலில் நம்பவில்லை; அம்மா யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பிறகு அம்மா வாசலை விட்டு விலகி, சுவரோரம் கிடந்த விறகுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

எமலின் படுக்கையறை வாசல்வரை போய், உள்ளே கால் வைக்காமல், எட்டிப் பார்த்தாள். ஜேபஸ் ஃபென் நின்றுகொண்டிருந்தார். வியர்வையில் இரவுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்கள் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. கை நெற்றிக்குப் போய் இறங்கியது.

"எமலின், ஐயா."

எமலின் திரும்பி வந்தாள். சமையலறை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது பொம்பளை பேரில்லம்மா," என்றாள். "கப்பல் பேரு."

ஸ்டோனி ஃபோர்டில் ஒருவரைப் பார்த்து எந்த ஊர்க்காரர் என்று கேட்கலாம். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், எத்தனை ஆடு என்று கேட்கலாம். எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. வயது வந்தவர்களிடம் அதைக் கேட்பது அவர்கள் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டச் சொல்வது போல என்று ஒவ்வொரு குழந்தையும், ஏன் என்று தெரியாமலே, தெரிந்து வளர்ந்தது. இங்கிலாந்து கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய இடம் என்பது மறக்கட்டும் என்று, தீவுக்கே பழைய பெயரை எடுத்துவிட்டு டாஸ்மேனியா என்று புதுப்பெயர் வைத்தாகிவிட்டது. எட்வினின் அம்மா மட்டும்தான் கேட்காமலே சொல்வாள்: "நாங்க சொந்தக் காசுல வந்தவங்க." சொல்லிவிட்டு, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காத்திருப்பாள். அப்பா அப்போதெல்லாம் கெட்டிலை நிரப்ப எழுந்து போய்விடுவார்.

"எங்கப்பா சக்கரத் தச்சரு," என்றாள் லெட்டி. "வேலை தேடி வந்தவரு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"பாலத்துக்கு இந்தப் பக்கம், இப்ப தபால் ஆபீஸ் இருக்கிற இடத்துல, ரோடு போடற கைதிங்க கொட்டடி இருந்துச்சு," என்றாள் எமலின். "எங்கப்பா அங்க கணக்கரு. நான் சின்னப் பொண்ணு. காலையில அவருக்கு டீ கொண்டுபோறது என் வேலை."

"எமலின்," என்றாள் அம்மா.

"இனிமே மறைச்சு என்ன டார்கஸ்? அங்க பாரு, அவரே சொல்லிட்டிருக்காரு." எமலின் லெட்டியின் பக்கம் திரும்பினாள். ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற கவனம் அவள் குரலில் வந்திருந்தது. "கேளு. விடிஞ்சதும் மேசையைத் தூக்கி ரோட்டோரம் போடுவாங்க. எங்கப்பா உக்காருவாரு. ஆளுங்க எதிர்ல வரிசையா நிப்பாங்க. அவரு பேரைக் கூப்பிடுவாரு. ஆனா வெறும் பேரை வெச்சு என்ன பண்றது? ஜான் ஸ்மித்துன்னா அங்கேயே நாலு பேரு நிப்பான். அதனால ஆள் தொப்பியை எடுத்துட்டு, தான் வந்த கப்பல் பேரைச் சொல்லணும். பேரும் கப்பலும் சேந்தாத்தான் ஒரு ஆளு. எங்கப்பா பேனாவால ஒரு கீறு கீறுவாரு. கீறிட்டு, 'நட'ம்பாரு. அப்பத்தான் அவன் காலை எடுக்கலாம். அந்த வார்த்தை வராம ஒரு அடி வெச்சா முதுகுத்தோல் போயிடும்."

லெட்டி அடுப்பில் கொதிக்கும் கெட்டிலைப் பார்த்தாள். அதை எடுத்துத் தரையில் வைத்தாள். தரையில் வைக்கும் பொருளில்லை அது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அங்கேயே வைத்தாள்.

"என்ன பண்ணினாரு?" என்று கேட்டாள். "அங்க, இங்கிலாந்துல?"

பதில் விறகுப் பெட்டியிலிருந்து வந்தது.

"கதிரடிக்கிற எந்திரத்தை உடைச்சாரு," என்றாள் அம்மா. "எந்திரம் வந்ததும் ஊர் ஆளுங்களுக்குக் குளிர்கால வேலை போச்சு. கூட்டமாப் போனாங்க. மத்தவங்க சுத்தியலால கண்ட இடத்துல அடிச்சிருக்காங்க. இவரு சக்கரத்துல ஒரே ஒரு பல்லைக் கழட்டி ஆத்துல போட்டாரு. அதுக்கப்புறம் அது ஓடவே இல்ல. எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சவன்தான் இதைச் செஞ்சிருக்கணும்னு கோர்ட்ல சொல்லி, இவருக்கு மட்டும் கப்பல்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் எந்திரங்களை ஓடவைத்துக்கொண்டிருந்த மனிதர் அடுத்த அறையில் நின்றபடி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ரம்பம் இழுப்பது போன்ற சத்தம்.

"அப்பாவோட வலது காலு?" லெட்டிக்குத் தன் குரல் வேறெங்கிருந்தோ கேட்டது. "வண்டிச் சக்கரம் ஏறிச்சுன்னு சொன்னீங்களே."

"சங்கிலி," என்றாள் அம்மா.

அப்பா நடக்கும்போது வலது கால் சற்று வெளியே வளைந்து வந்துதான் தரையில் பதியும். அவர் பின்னால் நடந்து நடந்து பழகியவள் லெட்டி. அவளுக்கும் அதே நடை. ஃபென் நடை என்று எட்வின் கேலி செய்வான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவள் குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள்.

"என்னைப் பாத்தா ஏன் ஒதுங்கிப் போனாருன்னு கேக்கலையே நீ," என்றாள் எமலின். "எங்கப்பாவோட பாக்கெட் கடிகாரம் ஒரு நாள் நின்னுபோச்சு. மேசையில வெச்சு ஆட்டிக்கிட்டிருந்தாரு. உங்கப்பா முறை வந்துச்சு. கப்பல் பேரைச் சொன்னாரு. சொல்லிட்டு, 'சாவி அதிகமாக் குடுத்துட்டீங்க ஐயா'ன்னாரு. கேக்காமப் பேசிட்டாரு. அவ்வளவுதான் தப்பு. எங்கப்பா பேனாவைக் கீழ வெச்சாரு. 'நட'ன்னு சொல்லல. எழுந்து சாப்பிடப் போயிட்டாரு. நான் விளையாடிட்டு வந்தேன், உங்கப்பா நின்னாரு. வெயில் ஏறி, எறங்கி, மழை வந்துச்சு, நின்னாரு. நான் ஜன்னல்ல உக்காந்து ஆப்பிள் தின்னுக்கிட்டே பாத்தேன். நான் பாத்ததை அவரும் பாத்தாரு."

மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். "கடிகாரம் அப்புறம் ஓடவே இல்ல. சாவி அதிகமாத்தான் ஆயிருந்துச்சு."

அறையிலிருந்து பலகை கிரீச்சிட்டது. லெட்டி ஓடினாள். அப்பா முன்னால் சாய்ந்து, தானாகவே நிமிர்ந்துகொண்டிருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இனி அதிக நேரமில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். இரு பெண்களும் வாசலில் நின்றார்கள்.

"அந்த வார்த்தைக்காகத்தானே நிக்கிறாரு," என்றாள் லெட்டி. "யாராவது சொல்லுங்க."

"நான் சொல்றேன்," என்றாள் எமலின். "எங்கப்பா சொல்ற மாதிரியே எனக்குச் சொல்ல வரும்."

"உன் வீட்டு வாயிலிருந்து அந்த வார்த்தை இன்னொரு தடவை அவரு காதுல விழக் கூடாது," என்றாள் அம்மா. "செத்தாலும் விழக் கூடாது."

எமலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நீ சொல்லும்மா."

"சொன்னேன். நீ கடைத்தெருவுக்குப் போனப்ப உள்ள போய்ச் சொன்னேன். அவருக்குக் கேக்கல." அம்மா பட்டாணித் தோலை விரல்களுக்கிடையில் உருட்டினாள். "என் வாயில அது கட்டளையா வராது லெட்டி. நானும் வரிசையில நின்னவ. வேற கொட்டடி, வேற கப்பல். பேரைக் கேக்காதே, சொல்ல மாட்டேன்."

லெட்டி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த அம்மாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கழுத்துப்பட்டியைக் கஞ்சி போட்டு விறைக்கவைத்து, நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, கோயிலுக்கு அனுப்பியவள்.

"உன்மேல ஒண்ணும் ஒட்டக் கூடாதுன்னுதான் சொல்லல," என்றாள் அம்மா. "நம்ம மூணு பேருல வரிசையில நிக்காதவ நீ ஒருத்திதான்."

அப்படியானால் வேறு ஆளில்லை.

முகம் கழுவும் தண்ணீர்க் குவளை வைக்கிற சின்ன மேசையை லெட்டி இழுத்தாள். குவளையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மேசையை அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு, பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எமலின் வாசலிலிருந்தபடியே, "பேனா கீறுற சத்தம் கேக்கணும்," என்றாள். அம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தாள்.

"ஜேபஸ் ஃபென்," என்று கூப்பிட்டாள் லெட்டி. அப்பாவின் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே அதுதான் முதல்முறை.

அவருடைய கண்கள் அசைந்தன. தூரத்திலிருந்து திரும்பி வந்து மேசையில் நின்றன. கை நெற்றிக்குப் போனது.

"எமலின், ஐயா."

அவள் ஊசியால் மரத்தில் கீறினாள். நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நடங்கப்பா," என்றாள்.

அவர் அசையவில்லை. முகத்தில் குழப்பம்கூட இல்லை. அவளுடைய வார்த்தை அவரைத் தாண்டிக் காற்றாகப் போய்விட்டது.

"அப்படி இல்லம்மா," என்றாள் எமலின் மெல்ல. "அங்க யாரும் யாருக்கும் அப்பா இல்ல. மரியாதையை எடு. மூஞ்சியைப் பாக்காதே. அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கான்னு நெனச்சுக்கோ."

அப்பாவின் முழங்கால்கள் அடித்துக்கொண்டன. லெட்டி நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்தாள். மேசை விளிம்பில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. அதை மட்டும் பார்த்தாள்.

"ஜேபஸ் ஃபென்."

"எமலின், ஐயா."

கீறினாள். ஆழமாகக் கீறினாள். அவள் இதுவரை யாரிடமும், ஒரு நாயிடம்கூடப் பேசியிராத குரல் ஒன்று அவள் தொண்டையில் தயாராக இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை.

"நட," என்றாள்.

பலகை கிரீச்சிட்டது. ஒரு காலடி, அடுத்தது, சற்று வளைந்து வந்து பதியும் காலடி. அவள் தலையைத் தூக்கவில்லை. கட்டில் சட்டம் முனகியது, போர்வை சரசரத்தது. நீண்ட மூச்சு ஒன்று, பாரத்தை இறக்கிவைத்தவனின் மூச்சு, வெளியே வந்தது. பின்பு சின்னச் சின்ன மூச்சுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விட்டு. கடைசி இடைவெளி நீண்டுகொண்டே போனது. அம்மா அவளைக் கடந்து கட்டிலருகே போகும்வரை லெட்டி அந்தச் சூட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எமலின் எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்கு எட்வின் வந்தான். உடம்பெல்லாம் உமி. வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, "எந்திரம் மறுபடியும் நின்னுபோச்சு. உங்கப்பா இருந்திருந்தா—" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். அறைக்குள் போய் நின்றான்.

மாமனார் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா போர்வையை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டிருந்தாள்.

"படுத்துத்தான் போயிருக்காரு," என்றான் எட்வின். "நல்லதாப் போச்சு. ராத்திரி ரெண்டு பேரும் சேந்து அந்தப் பாடுபட்டோமே லெட்டி. எப்படிப் படுக்க வெச்சே?"

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள். தலையை மிக லேசாக, இல்லை என்பது போல அசைத்தாள். எட்வினின் அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள், ஊரும் வரும்.

லெட்டி கொண்டை ஊசியை மேசையில் வைத்தாள்.

"எதிர்ல மேசையைப் போட்டு உக்காரணும்," என்றாள். "வெறும் பேரை மட்டும் சொல்லிக் கூப்பிடணும். அவரு வந்த கைதிக் கப்பலோட பேரைச் சொல்லுவாரு. அதுக்கு ஒரு கீறு கீறணும். அப்புறம் மூஞ்சியைப் பாக்காம, அப்பான்னு சொல்லாம, 'நட'ன்னு சொல்லணும். சொன்னா, போய்ப் படுத்துக்குவாரு."